யார் துணையும் இல்லாமல் மும்பை

பேக்கேஜ் டூரை உதறிவிட்டுத் தனியாகக் கிளம்பும் தமிழ்ப் பயணிக்கு மாட்டுங்கா, தாராவி, செம்பூர் மூன்றும் கை கொடுக்கின்றன. கூடவே சில பாடங்களையும் கற்றுத்தருகின்றன.

மும்பையைச் சுற்றிக்காட்டும் டூர் பஸ்களுக்கென்று ஒரு பாதை இருக்கிறது. காலையில் கேட்வே ஆஃப் இந்தியா, அடுத்து மலபார் ஹில் தொங்கும் தோட்டம், பிறகு சித்தி விநாயகர் கோயில், ஹாஜி அலி தர்கா, சாயங்காலம் ஜுஹு கடற்கரை. ஒரே நாளில் ஊர் முடிந்துவிடும். நேரத்துக்குச் சாப்பாடு, இரவில் பத்திரமாக ஓட்டல். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த பஸ்ஸில் போய் வந்தவருக்கு இந்த நகரத்தில் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பது கடைசிவரை தெரியாது. அவர்களில் தமிழர்கள் ஏராளம் என்பதும் தெரியாது.

இந்தக் குறைக்காகவே பஸ்ஸை விட்டுவிட்டு, தானே டிக்கெட் எடுத்து, தானே அறை பிடித்து, தானே வழி கேட்டு அலைகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து இப்படிப் போகிறவருக்கு மும்பையில் ஒரு வசதி உண்டு. ஹிந்தியும் மராத்தியும் தெரியாமலே ஓரளவு சமாளித்துவிடக்கூடிய மூன்று பேட்டைகள் அங்கே உள்ளன: மாட்டுங்கா, தாராவி, செம்பூர். தெரிந்தவர் கொடுத்த ஒரு விலாசத்தை மட்டும் நம்பி வந்து இறங்கியவர்களும், அந்த விலாசம்கூட இல்லாமல் வந்தவர்களும் தலைமுறை தலைமுறையாக உருவாக்கிய இடங்கள் இவை. இன்றைய பயணி அனுபவிக்கும் வசதி அவர்கள் சேர்த்துவைத்தது.

தனிப் பயணத்தில் லாபம், நஷ்டம் இரண்டும் ஒரே காரணத்தால்தான் வருகின்றன. நடுவில் ஆள் இல்லை. அதனால் ஊரை நேராகப் பார்க்கலாம். ஏமாந்தால் நேராக ஏமாறலாம்.

எங்கே இறங்குவது?

சென்னை ராஜதானியையும் பம்பாயையும் இணைக்கும் ரயில் பாதைகள் ராய்ச்சூரில் சந்தித்தது 1871ல். அன்று முதல் தெற்கிலிருந்து ஆள் வருவது நிற்கவில்லை. இன்று தமிழ்நாட்டு வண்டிகள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்பதில்லை. சில சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ் வரை போகும். பழைய ஆட்கள் இன்னும் வி.டி. என்றே சொல்கிறார்கள். சில தாதரோடு சரி. வேறு சில குர்லா அருகே உள்ள லோகமான்ய திலக் டெர்மினஸில் முடிந்துவிடும்.

முதல் தடுமாற்றம் இங்கேதான். லோகமான்ய திலக் டெர்மினஸை ‘குர்லா’ என்று எல்லோரும் சொல்வதால், அங்கே இறங்கியதும் எதிர் பிளாட்பாரத்தில் லோக்கல் ரயில் நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். குர்லா லோக்கல் நிலையம் தனி. பெட்டி படுக்கையோடு கொஞ்ச தூரம் போக வேண்டும். விஷயம் தெரிந்தவர்கள் இன்னொரு பக்கம் இருக்கும் திலக் நகர் நிலையத்துக்குப் போய் ஹார்பர் லைன் வண்டியைப் பிடிப்பார்கள். அடுத்த ஸ்டேஷனே செம்பூர். தெரியாதவர்கள் டெர்மினஸ் வாசலில் ஆள் பிடிக்கும் டாக்சிகளில் ஏறி, மீட்டர் காட்டுவதைப் போலப் பல மடங்கு கொடுப்பார்கள். 2025 பிப்ரவரியில் உயர்த்தப்பட்ட மீட்டர் கட்டணப்படி டாக்சிக்குக் குறைந்தபட்சம் 31 ரூபாய், ஆட்டோவுக்கு 26 ரூபாய். இந்த இரண்டு எண்களைத் தெரிந்துவைத்திருந்தாலே பாதிப் பேரம் முடிந்தது.

ஆட்டோவிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கிழக்கே சயான், மேற்கே பாந்த்ரா வட்டாரத்துக்குத் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதி கிடையாது. செம்பூரில் ஆட்டோ ஏறி ‘மாட்டுங்கா’ என்றால் டிரைவர் தலையை ஆட்டி மறுப்பது திமிரால் அல்ல, சட்டத்தால். அங்கிருந்து தெற்கே கறுப்பு மஞ்சள் டாக்சி, பஸ் அல்லது லோக்கல்தான்.

தங்கும் இடம் இன்னொரு தலைவலி. சென்னையில் நல்ல அறை கிடைக்கும் வாடகைக்கு இங்கே ஜன்னல் இல்லாத ஒரு பெட்டி கிடைக்கலாம். போட்டோவில் பெரிதாகத் தெரியும் அறையில் கட்டிலைத் தவிர காலை வைக்க இடமிருக்காது. முன்பணம் கட்டுவதற்கு முன் அறையைப் பார்ப்பது, ஜன்னலைத் திறந்து பார்ப்பது, ரயில் நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்பது மூன்றும் அவசியம். மும்பையில் வாடகையைவிட நேரம்தான் அதிகம் செலவாகும் சரக்கு. ஐநூறு ரூபாய் மிச்சம் பிடிக்க ஊர்க்கோடியில் தங்கியவர் தினமும் மூன்று மணி நேரத்தை ரயிலில் கழிப்பார்.

லோக்கல் கற்றுத்தரும் பாடம்

இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தானேவுக்கு ஓடியது. அந்தப் பாதையில்தான் இன்று மத்திய ரயில்வேயின் லோக்கல்கள் ஓடுகின்றன. மேற்கு, மத்திய, ஹார்பர் என்று முக்கியமான லைன்கள் மூன்று. இந்த மூன்றும் புரிந்துவிட்டால் ஊர் புரிந்துவிடும். புரியும்வரை சோதனைதான்.

மத்திய லைனில் ‘மாட்டுங்கா’, மேற்கு லைனில் ‘மாட்டுங்கா ரோடு’ என்று இரண்டு நிலையங்கள். நடுவே ரயில்வே பணிமனை. ஒன்றில் இறங்க வேண்டியவர் மற்றதில் இறங்கினால் தண்டவாளங்களைத் தாண்டும் பாலத்தில் ஏறி இறங்கி நடக்க வேண்டியதுதான். மத்திய லைனில் ஃபாஸ்ட் வண்டிகள் வழக்கமாக மாட்டுங்காவிலும் சயானிலும் நிற்பதில்லை. தாதரில் ஏறியவர் கண் முன்னாலேயே இரண்டு நிலையங்களும் ஓடி மறையும். ஞாயிற்றுக்கிழமைகளில் ‘மெகா பிளாக்’ என்ற பெயரில் தண்டவாள வேலை நடக்கும்போது இந்தக் கணக்கும் மாறும். தாதரில் மேற்கு, மத்திய லைன்களின் பிளாட்பாரங்களுக்குத் தனித்தனி எண்கள் இருந்து பயணிகளைக் குழப்பி வந்தன. 2023 டிசம்பரில்தான் அவை ஒரே வரிசையாக்கப்பட்டன.

காலை 8 முதல் 11 வரை தெற்கு நோக்கியும், மாலை 5 முதல் 9 வரை வடக்கு நோக்கியும் போகும் வண்டிகளில் வெளியூர்க்காரர் ஏறாமலிருப்பது நல்லது. இது சௌகரியத்தைப் பற்றிய பேச்சு அல்ல. மும்பை புறநகர் ரயில் பாதைகளில் தண்டவாளத்தைக் கடந்தும் வண்டியிலிருந்து விழுந்தும் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்து வந்திருக்கிறார்கள். 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா அருகே எதிரும் புதிருமாகச் சென்ற இரண்டு வண்டிகளின் வாசலில் தொங்கியவர்கள் விழுந்ததில் குறைந்தது 4 பேர் பலியானார்கள். அவர்கள் தினமும் போய்வந்த பழக்கப்பட்ட பயணிகள். புதியவர் அவர்களைப் பார்த்து வாசலில் நிற்கப் பழகக் கூடாது.

பெண்கள் தனியாகப் பயணம் செய்ய மும்பை மற்ற பெருநகரங்களைவிடச் சுலபம் என்ற பெயர் பொய்யில்லை. மகளிர் பெட்டிகள் எல்லா வண்டிகளிலும் உண்டு. 1992 முதல் மகளிர் மட்டுமே பயணம் செய்யும் தனி ரயில்களும் ஓடுகின்றன. மாட்டுங்கா நிலையத்தையே 2017 ஜூலை முதல் முழுக்க முழுக்கப் பெண் ஊழியர்கள் நடத்தத் தொடங்கினார்கள். நாட்டிலேயே அப்படிப்பட்ட முதல் நிலையம் என்று அது பெயர் வாங்கியது.

மாட்டுங்கா: வயிறும் மனமும்

1896ல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியது. அதன் விளைவாக அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு டிரஸ்ட், நெரிசலைக் குறைக்கத் திட்டமிட்டு உருவாக்கிய பகுதிகளில் ஒன்று தாதர்-மாட்டுங்கா. அகலமான சாலை, மர நிழல், தோட்டம். டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் கற்றுக்கொண்டு வேலை தேடி வந்த தஞ்சாவூர், பாலக்காட்டுக் குடும்பங்கள் இங்கே குடியேறின. 1932ல் தென்னிந்தியக் கல்விக் கழகம் பிறந்தது. 1952ல் தொடங்கிய ஷண்முகானந்தா சபா, 1963ல் 2,700க்கு மேற்பட்ட இருக்கைகளோடு அரங்கைத் திறந்தது. 1990ல் தீயில் சேதமான அந்த அரங்கம், 1998ல் மீண்டும் திறக்கப்பட்டது.

தனியாக வரும் பயணிக்கு மாட்டுங்கா முதலில் தருவது சாப்பாடு. கிங்ஸ் சர்க்கிளில் கஃபே மெட்ராஸ் 1940 முதல் இருக்கிறது. மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு எதிரே மார்க்கெட் கட்டடத்தின் மாடியில் உள்ள உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங், 1942ல் ஏ. ராம நாயக் தொடங்கியது. கர்நாடகக் கிராமம் ஒன்றிலிருந்து சிறு வயதில் வந்து பாத்திரம் தேய்த்து முன்னேறியவர் அவர். ‘தமிழ்ச் சாப்பாடு’ என்று தேடி வருபவர் இங்கே தெரிந்துகொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. மாட்டுங்காவின் புகழ்பெற்ற ஓட்டல்களில் பெரும்பாலானவை உடுப்பி, மங்களூர்ப் பக்கத்தினருடையவை. சாம்பாரில் இனிப்பு தட்டும். முகம் சுளிக்காமல் சாப்பிட்டால் அதன் ருசியும் பிடிபடும். சனி, ஞாயிறு காலைகளில் போனால் வெளியே நின்று பெயர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். வேலை நாளில் நடுப்பகலுக்கு முன் போகிறவர் புத்திசாலி.

மார்க்கெட்டில் வாழையிலை, முருங்கைக்காய், மல்லிகைச் சரம், பூஜைச் சாமான் எல்லாம் கிடைக்கும். கடைக்காரர்களிடம் தமிழில் விலை கேட்கலாம். ஆனால் பக்கத்துத் தெருவில் குஜராத்தி ஒலிக்கும். மாட்டுங்காவின் பழைய குடும்பங்களில் பல, வீட்டை விற்றோ வீடு போதாமலோ, செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று நகர்ந்துவிட்டன. ‘குட்டித் தமிழ்நாடு’ என்று எண்ணிக்கொண்டு வருபவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

இன்னொரு வரலாறும் இந்தத் தெருக்களுக்கு உண்டு. 1966ல் சிவசேனை தோன்றியபோது அதன் முதல் இலக்கு தென்னிந்தியர்கள். உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. அந்தக் காலம் போய்விட்டது. இருந்தாலும் மராத்தியில் இரண்டு வார்த்தை பேசுபவருக்குக் கிடைக்கும் மரியாதை, ‘ஏன் தமிழில் பலகை இல்லை’ என்று கேட்பவருக்குக் கிடைக்காது.

தாராவி: பார்ப்பதா, போவதா?

தமிழ் ரசிகர்களுக்குத் தாராவியை அறிமுகப்படுத்தியது சினிமா. 1987ல் வந்த ‘நாயகன்’, 2018ல் வந்த ‘காலா’ இரண்டுக்குமே தாராவியின் பெரும்பகுதி சென்னையில் போட்ட செட். அதை மனதில் வைத்துக்கொண்டு வருபவர் முதல் ஐந்து நிமிடத்தில் குழம்பிப்போவார். 90 அடி சாலையில் நகைக்கடை, பாத்திரக்கடை, பள்ளிக்கூடம், தமிழ்ப் பெயர்ப்பலகை. ரவுடியைத் தேடினால் சீருடை அணிந்த குழந்தைகள்தான் கண்ணில் படுவார்கள்.

சுமார் 240 ஹெக்டேர் பரப்பில் 7 லட்சம் முதல் 10 லட்சம் பேர் வரை வாழ்வதாக மதிப்பீடுகள் சொல்கின்றன. ஆதியில் இது கோலி மீனவர்களின் ஊர். பிறகு சௌராஷ்டிரத்துக் குயவர்கள் வந்து கும்பார்வாடாவை அமைத்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தோல் பதனிடும் தொழிலைக் கொண்டுவந்தார்கள். 1887ல் பெரிய மசூதி, 1913ல் கணேசர் கோயில் என்று இரண்டுக்கும் பின்னால் தமிழர்களின் கை இருக்கிறது. இன்று தோல் பொருள், துணி தைத்தல், பழைய பிளாஸ்டிக்கை அரைத்து மறுபடி பயன்படுத்துதல் எல்லாம் இங்கே நடக்கின்றன. விடிவதற்கு முன்பே தமிழ்க் குடும்பங்கள் இட்லி அவிக்க ஆரம்பிக்கின்றன. அந்த இட்லி, சைக்கிளில் ஹாரன் அடித்தபடி மும்பையின் தெருக்களுக்குப் போகிறது. விற்பவரை ஊரே ‘அண்ணா’ என்று அழைக்கிறது.

இங்கேதான் தனிப் பயணி மிகவும் யோசிக்க வேண்டும். மற்ற இடங்களில் அவர் செய்யும் தவறுக்கு அவரே விலை கொடுப்பார். தாராவியில் விலை கொடுப்பவர் அங்கே வசிப்பவர். பத்தடிக்குப் பத்தடி அறையில், வாசலுக்கும் தெருவுக்கும் வித்தியாசமே இல்லாத இடத்தில் கேமராவைத் தூக்குவது ஒருவரின் சமையலறைக்குள் எட்டிப்பார்ப்பதற்குச் சமம்.

சேரிச் சுற்றுலா உலகத்துக்குப் புதிதல்ல. பிரேசிலின் ரியோ நகரத்து ஃபவேலாக்களிலும் தென்னாப்பிரிக்கக் கறுப்பினக் குடியிருப்புகளிலும் 1990களிலேயே இது நடந்தது. ரியோவில் அதைப் பார்த்த ஆங்கிலேயர் கிறிஸ் வே, கிருஷ்ணா பூஜாரியுடன் சேர்ந்து 2005ல் ‘ரியாலிட்டி டூர்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கினார். படம் எடுக்கத் தடை, லாபத்தில் 80 சதவிகிதம் சமூகப் பணிக்கு என்பது அதன் விதிகள். 2019ல் ஒரு சர்வதேசச் சுற்றுலா இணையதளத்தின் பட்டியலில் தாஜ்மகாலையும் முந்திக்கொண்டு தாராவி நடைப்பயணம் இந்தியாவில் முதலிடம் பிடித்தது. ‘வறுமையை விற்கிறார்கள்’ என்ற கண்டனமும், ‘இங்கே இருப்பது வறுமை மட்டுமல்ல, உழைப்பு என்று காட்டுகிறார்கள்’ என்ற பாராட்டும் அன்று முதல் மாறி மாறி ஒலிக்கின்றன.

தமிழ் பேசும் பயணிக்கு வழிகாட்டி தேவையில்லை என்று தோன்றலாம். வழி கேட்க மொழி இருக்கிறது. சயான், மாஹிம் நிலையங்களிலிருந்து நடந்தே வரலாம். 2025 மே முதல் மெட்ரோ 3வது லைனில் தாராவி என்றே ஒரு நிலையமும் இருக்கிறது. ஆனால் சந்துகளுக்குள் தனியாகப் புகுந்தால் வெளியே வர நேரமாகும். பட்டறைகளில் திறந்த அடுப்பு, அறுக்கும் இயந்திரம், தலைக்கு மேல் மின்கம்பி. வேலை நடக்கும் இடத்தில் வேடிக்கை பார்ப்பவர் தொந்தரவு.

நல்ல வழி, பார்க்கப் போகாமல் ஒரு காரியமாகப் போவது. சயான்-பாந்த்ரா இணைப்புச் சாலையில் தோல் கடைகள் வரிசையாக உள்ளன. பை, பெல்ட், செருப்பு வாங்கலாம். கும்பார்வாடாவில் மண் சட்டி வாங்கலாம். 90 அடி சாலையில் டீ குடித்தபடி ‘எந்த ஊர், அண்ணாச்சி?’ என்று கேட்டால் போதும். நாங்குநேரியோ சங்கரன்கோவிலோ, பதில் வந்த பிறகு பேச்சு தானே நடக்கும். யாராவது உள்ளே கூப்பிட்டால் போகலாம். கூப்பிடாத இடத்துக்குப் போக வேண்டியதில்லை.

செம்பூர்: ஓய்வும் ஏமாற்றமும்

தாராவியின் நெரிசலிலிருந்து செம்பூருக்கு வந்தால் மூச்சு விட முடியும். 1950களில் டிராம்பேயில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன. அணுசக்தி ஆராய்ச்சி மையமும் உரத் தொழிற்சாலையும் சேர்ந்துகொண்டன. இன்ஜினீயர், விஞ்ஞானி, கணக்கர் என்று படித்த தமிழர்கள் வந்து குடியேறினார்கள். பிரிவினையின்போது வந்த சிந்தி அகதிகளின் முகாமும் இங்கேதான் இருந்தது. அதனால் காலையில் இட்லி, சாயங்காலம் சிந்திப் பலகாரம் என்று இரண்டும் கிடைக்கும். செட்டா நகர் முருகன் கோயிலுக்கு 108 படி ஏறினால் கீழே நகரம் விரிந்து கிடக்கும்.

ராஜ் கபூரின் ஆர்.கே. ஸ்டூடியோவைப் பார்க்க வருபவர்களுக்கு மட்டும் ஏமாற்றம். 1948ல் தொடங்கிய ஸ்டூடியோ 2017ல் தீப்பிடித்தது. 2019ல் ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. பழைய பயணக் கட்டுரைகளை நம்பி வரும் தனிப் பயணிக்கு இது அடிக்கடி நேர்வது. மோனோ ரயிலும் அப்படித்தான். 2014ல் செம்பூரிலிருந்து வடாலாவுக்கு ஆர்ப்பாட்டமாகத் தொடங்கிய சேவை, கோளாறுகளுக்குப் பிறகு 2025 செப்டம்பரில் சீரமைப்புக்காக நிறுத்தப்பட்டது. எதையும் கிளம்புவதற்கு முன் ஒரு தடவை விசாரித்துக்கொள்வது நல்லது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை எந்தத் திட்டத்துக்கும் மழையின் சம்மதம் வேண்டும். கிங்ஸ் சர்க்கிள், சயான் பகுதிகள் தாழ்வானவை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது நகரமே முடங்கியது. அந்த இரவில் வழியில் சிக்கியவர்களுக்கு முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக் கதவைத் திறந்து சோறு போட்டார்கள். அவசரமும் அலட்சியமுமாகத் தெரியும் இந்த ஊரின் மறுபக்கம் அது. தனியாக வருபவர்களுக்கு அது சின்னச் சின்ன அளவில் தினமும் கிடைக்கிறது: தவறான வண்டியில் ஏறியவரை அடுத்த நிலையத்தில் இறக்கிவிடும் முகம் தெரியாத கை, விலாசத்தைப் படித்துக் காட்டும் பூக்காரி.

அடுத்து வருபவருக்கு?

இந்த மூன்று பேட்டைகளில் வேகமாக மாறப்போவது தாராவி. 2022 நவம்பரில் மறுசீரமைப்புக்கான ஏலத்தில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு வென்றது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வசிப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடியில் இலவச வீடு. பிறகு வந்தவர்களுக்கும் மேல்தளத்தில் இருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியேதான் இடம். முலுண்ட், குர்லா, தேவ்னார் என்று பெயர்கள் அடிபடுகின்றன. கழிப்பறை வசதியோடு சொந்த வீடு என்பது பலருக்கு வாழ்நாள் கனவு. வீட்டிலேயே தொழில் செய்பவர்களின் கவலை வேறு. நாலாவது மாடியில் இட்லிப் பானையை எங்கே வைப்பது, சைக்கிளை எங்கே நிறுத்துவது, வாடிக்கையாளரை எங்கே தேடுவது என்பதெல்லாம் அவர்களுக்குச் சாப்பாட்டுப் பிரச்சினை.

‘மறைவதற்குள் பார்த்துவிட வேண்டும்’ என்று கிளம்புகிற பயணிகள் இதை நினைவில் வைக்கலாம். அவர்களுக்குத் தாராவி இரண்டு மணி நேர நடை. வழி தவறினால் திரும்பிப் போக ஓட்டல் அறை இருக்கிறது. பட்டியலில் பெயர் விடுபட்ட குடும்பம், தெரியாத பேட்டையில் புதிதாக வழி கேட்கத் தொடங்க வேண்டும். தாத்தா காலத்தில் செய்ததைப் பேரனும் செய்யப்போகிறான். திரும்பிவரும் டிக்கெட் மட்டும் அவனிடம் இருக்காது.